கரன்ட் வைத்த பிறகு படி ஏறலாமா?

திருத்தணியில் எங்கள் பெரியம்மா பெண் இருக்கிறார். வயது 54. மாதா மாதம் கிருத்திகையன்று மலைப்படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வந்துதான் வாயில் காபி வைப்பார். மொத்தம் 365 படிகள். வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்று ஊரில் கணக்குச் சொல்வார்கள். மேலே வரை கார் போக ரோடு இருக்கிறது. ஆனாலும் அக்கா அதில் போகமாட்டார். "காசு கொடுத்து மலை ஏறினா அது சாமி கும்பிடறதா?" என்பார்.

போன வருஷம் தை மாதம் அக்காவுக்கு இடது மார்பில் கட்டி என்று ஆபரேஷன் ஆனது. கட்டியையும் அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள், மார்பை எடுக்கவில்லை. பிறகு மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு கீமோதெரபி. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் புஷ்பமுமாக மலை ஏறிக்கொண்டிருக்க, அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடி ஜன்னலில் நின்று பார்த்தார். அடுத்தது ரேடியேஷன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "டாக்டரம்மா, இது முடிஞ்சதும் நான் படி ஏறலாமா?"

"முடிஞ்சதும் ஏன்? இப்பவே ஆரம்பிங்க. நம்ம ஆஸ்பத்திரி மாடிப்படியில ஆரம்பிங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் யாரும் இதை நம்பவில்லை. அக்காவின் மாமியார் நகரிப் பக்கத்துக்காரர், தெலுங்குதான் சரளம். "கரென்ட்டு பெடதாரன்டா? அம்மாயி, நுவ்வு கதலகு!" என்று பதறினார். கரன்ட் வைக்கிறார்களாம், நீ அசையாதே என்று அர்த்தம். பக்கத்து வீட்டு அம்மாளோ, "ஏங்க்கா, உடம்பே கருகிடுமாமே, அதோட எப்படி நடப்பீங்க?" என்று கேட்டு வைத்தார். எல்லை தாண்டினாலும் பயத்துக்கு மொழி கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கரன்ட் இல்லை, கதிர்

நம் ஊரில் ரேடியேஷனை 'கரன்ட் வைக்கிறது' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஷாக் அடிக்கும், சூடு போடுவார்கள் என்கிற பயமெல்லாம் அந்தப் பெயரில் வந்ததுதான். மெஷின் கரன்டில் ஓடுகிறது, வாஸ்தவம். ஆனால் உங்கள் உடம்பின் மேல் விழுவது கரன்ட் அல்ல. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கிறோமே, அதே ஜாதிக் கதிர்தான், பல மடங்கு சக்தியோடு வருகிறது. எக்ஸ்ரே எடுக்கும்போது வலித்ததா? இதுவும் வலிக்காது. மெஷின் உடம்பைத் தொடக்கூடத் தொடாது.

1895-ல் ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த மறு வருஷமே அதைப் புற்றுநோய்க்கு வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கதையும் பழசுதான். சென்னை அடையாறில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பித்த புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோடு குடிசையில்தான் தொடங்கியது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். 1957-லேயே அங்கே கோபால்ட் மெஷின் வந்துவிட்டது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று சொல்வார்கள். 1976-ல் லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்கிற அடுத்த தலைமுறை மெஷினும் அங்கே வந்தது. இப்போது பெரும்பாலான இடங்களில் இருப்பது இந்த இரண்டாவது ரகம். இதில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது. ஸ்விட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும், லைட்டை அணைத்ததும் வெளிச்சம் போகிற மாதிரி.

ஆகவே வீட்டிலுள்ள பெரியவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து மெஷினில் ரேடியேஷன் எடுத்துக்கொண்டு வருகிற பெண்ணின் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. அவர் பேரனைத் தூக்கலாம், ஒரே கட்டிலில் படுக்கலாம், சமைக்கலாம், அவர் குடித்த டம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம். கர்ப்பிணி மருமகள் பக்கத்தில் உட்காரலாம். அக்கா வீட்டில் முதல் வாரம் பேரனை அவரிடம் விடவே இல்லை. நோயைவிட அதுதான் அவரை அழவைத்தது.

தலைமுடி கொட்டுமா என்பது அடுத்த பயம். முடியைக் கொட்ட வைத்தது கீமோ. மார்பில் வைக்கிற ரேடியேஷனால் தலைமுடி போகாது. சொல்லப்போனால் அக்காவுக்கு ரேடியேஷன் நடக்கும்போதுதான் தலையில் புது முடி குட்டை குட்டையாக முளைத்தது.

கட்டியைத்தான் எடுத்தாச்சே, இது எதுக்கு?

எல்லோரும் கேட்கிற கேள்வி. கண்ணுக்குத் தெரிந்த கட்டியை சர்ஜன் எடுத்துவிடுகிறார். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத ஓரிரண்டு செல் அக்கம்பக்கத்தில் ஒளிந்திருந்தால்? களை பிடுங்கின இடத்தில் வேர் நின்றுவிட்ட கதைதான். ரேடியேஷன் அந்த செல்களின் உள்ளே இருக்கும் மரபணு இழையை அறுக்கிறது. நல்ல செல்களும் அடி வாங்கும். ஆனால் அவற்றுக்கு ஓரிரவு கொடுத்தால் பெரும்பாலும் தங்களைச் சரிபண்ணிக்கொள்ளும். புற்றுநோய் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. மொத்தத்தையும் ஒரே நாளில் வைக்காமல் தினம் கொஞ்சமாகப் பிரித்து வைப்பது இதனால்தான்.

லாபம் எவ்வளவு? மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட 10,801 பெண்களின் கணக்கை ஒன்றாகத் தொகுத்து 2011-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். ரேடியேஷன் எடுக்காதவர்களில் 10 வருஷத்துக்குள் நோய் திரும்ப வந்தது 100-க்கு 35 பேருக்கு. எடுத்தவர்களில் 19 பேருக்கு. ஏறத்தாழ பாதி. மார்பு முழுவதையும் எடுத்தவர்களுக்கு இது எப்போதும் தேவைப்படாது. கட்டி பெரிதாக இருந்ததா, அக்குள் நெறியில் பரவியிருந்ததா என்பதைப் பொறுத்து டாக்டர் முடிவு செய்வார்.

முன்பெல்லாம் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 5 வாரம், 25 தடவை வைப்பார்கள். இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சிகளுக்குப் பிறகு 3 வாரம், 15 தடவை போதும் என்று பல இடங்களில் குறைத்துவிட்டார்கள். 2020-ல் ஒரே வாரத்தில் 5 தடவையில் முடிக்கும் முறையின் முடிவுகளும் வந்தன. எல்லோருக்கும் எல்லா முறையும் ஒத்துவராது. "பக்கத்து வீட்டம்மாவுக்கு அஞ்சே நாள், எனக்கு மட்டும் ஏன் இருபது?" என்று மனசு ஒடிய வேண்டாம், டாக்டரையே கேளுங்கள். அக்காவுக்கு 15, அதோடு கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக 5. ஆக மொத்தம் 20.

கை தூக்க முடியாமல் போன கதை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிறைய வீடுகளில் நடப்பது இது.

ரேடியேஷனுக்கு முன்னால் 'பிளானிங்' என்று ஒன்று உண்டு. சி.டி. ஸ்கேன் மெஷினில் மல்லாந்து படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு பலகையில் வைக்கச் சொல்வார்கள். கை கீழே இருந்தால் கதிர் வரும் வழியில் குறுக்கே நிற்கும். அதே நிலையில்தான் பிறகு தினமும் படுக்க வேண்டும். தோலில் பேனாவாலோ ஊசி முனையாலோ சின்னச் சின்னப் புள்ளி வைப்பார்கள். தினமும் அதே இடத்தில் கதிர் விழ அதுதான் அடையாளம்.

ஆவணி மாதம் அக்காவைப் பிளானிங்குக்குப் படுக்க வைத்தார்கள். இடது கை தோளுக்கு மேலே வரவில்லை! ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் பயிற்சிச் சீட்டு கொடுத்துத்தான் அனுப்பினார்கள். வீட்டில் நாங்கள்தான், "தையல் பிரிஞ்சிடும், கையை அசைக்காதே, ஒரு சொம்பு தண்ணிகூடத் தூக்காதே" என்று ஏழு மாதம் அந்தக் கையை உடம்போடு ஒட்டியே வைக்கவைத்தோம். மகள் தலைவாரிவிட்டாள், மருமகள் ஜாக்கெட் போட்டுவிட்டாள். எல்லாம் பாசம்தான். தோள் இறுகிப் போய்விட்டது. பிஸியோதெரபி செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரேடியேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அந்த இரண்டு வாரம் அவர் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சுவரில் நண்டு மாதிரி ஏற வேண்டும். எட்டின இடத்தில் பென்சிலால் கோடு. மறுநாள் அதைவிட ஒரு விரற்கடை மேலே. இரண்டு கையையும் கோத்துத் தலைக்கு மேலே தூக்குவது, தோளைச் சுழற்றுவது, துண்டின் இரு முனையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக் குளித்தபின் துவட்டுகிற மாதிரி இழுப்பது. இழுவை தெரியும், தெரிய வேண்டும். குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும். பிஸியோதெரபிஸ்ட் சொன்னதில் அக்காவுக்குப் பிடித்தது, "கொடியில துணி நீங்களே காயப்போடுங்கம்மா" என்பதுதான். சேலையை வீசிக் கொடியில் போட்டு இழுத்துவிடுவதைவிட நல்ல தோள் பயிற்சி ஏது? வாசலில் கோலமும் போடச் சொன்னார்.

சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை உள்ளே ஒரு கயிறு கட்டி இழுத்த மாதிரி இருக்கும். தோலுக்கடியில் நூல் போலத் தட்டுப்படும். பயப்பட வேண்டாம், நெறிகளை எடுத்த பிறகு வருவதுதான். பிஸியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள், பயிற்சியில் இளகும்.

பென்சில் கோடு பதினோராம் நாள் காலண்டர் ஆணியைத் தாண்டியது. பிளானிங்கும் முடிந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது மார்பக ஆபரேஷன் ஆகியிருந்தால், விரலை மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது போன்ற லேசான அசைவுகளை அநேகமாக மறுநாளே ஆரம்பிக்கலாம். சுவர்ப் பயிற்சி போன்ற பெரியவற்றை டியூப் எடுத்த பிறகு டாக்டர் சொல்லும் நாளில். பயிற்சிச் சீட்டை மருந்துச் சீட்டு மாதிரி பத்திரமாக வைத்திருங்கள்.

தினம் பத்து நிமிஷம், போக வர நாள் முழுக்க

ரேடியேஷன் அறைக்குள் படுத்து எழுந்து வரப் பத்து, பதினைந்து நிமிஷம். அதில் கதிர் விழுவது ஓரிரண்டு நிமிஷம்தான். தனியாகத்தான் இருக்க வேண்டும். வெளியிலிருந்து டி.வி.யில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மைக்கில் பேசலாம். இடது மார்பு என்றால் அடியில் இதயம் இருக்கிறது. அதனால் சில இடங்களில் மூச்சை ஆழமாக இழுத்து இருபது விநாடி போலப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். நுரையீரல் உப்பும்போது இதயம் மார்புச் சுவரைவிட்டு விலகி நிற்கும், கதிர் அதன்மேல் படுவது குறையும். அக்கா இதை வீட்டிலேயே கடிகாரத்தைப் பார்த்துப் பழகிக்கொண்டு போனார்.

உண்மையான அலைச்சல் போக்குவரத்துதான். திருத்தணிக்காரர்களுக்கு காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தப் பக்கம் திருப்பதி, இந்தப் பக்கம் வேலூர் சி.எம்.சி., சென்னையில் அடையாறும் அரசுப் பொது மருத்துவமனையும் பல தனியார் ஆஸ்பத்திரிகளும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ரேடியேஷனும் அடங்கும். அட்டையை முதல் நாளே காட்டிவிடுங்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் அதற்கான சர்டிபிகேட் கேட்டு வாங்க வேண்டும். நிறையப் பேர் கேட்பதே இல்லை.

அக்கா வில்லிவாக்கத்தில் தம்பி வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை தங்கி, சனிக்கிழமை காலை ரயிலில் ஊருக்கு வந்துவிடுவார். சனி, ஞாயிறு ரேடியேஷன் கிடையாது. ஒன்பதாவது தடவை முடிந்ததும், "போதும்டி, அசதி தாங்கல, ஒரு வாரம் கழிச்சுப் போறேன்" என்று திருத்தணியிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டரம்மா சொன்னது இது: "நடுவுல இடைவெளி விட்டா உங்க நல்ல செல்லுக்கு மட்டும் இல்லம்மா, கெட்ட செல்லுக்கும் நீங்க லீவு கொடுக்கறீங்க." ஒரு நாள்தான் தவறியது. அதைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். மெஷின் ரிப்பேரால் ஓரிரு நாள் தள்ளினால் அவர்களே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். நாமாக விடுவதுதான் கூடாது.

அசதிக்கு மருந்து நடைதானா?

இங்கேதான் டாக்டர் சொன்ன மாடிப்படி வருகிறது.

ரேடியேஷன் அசதி சாதாரண அசதி இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. இரண்டாவது வாரம் போல ஆரம்பித்து, முடிகிற சமயத்திலும் அதற்கடுத்த ஓரிரு வாரத்திலும் உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்ல இறங்கும். இயல்பாக நாம் என்ன செய்வோம்? படுத்துக்கொள்வோம். படுக்கப் படுக்கச் சதை கரையும். சதை கரைந்தால் பாத்ரூம் போய் வருவதே மலையேறுகிற மாதிரி ஆகும். அசதி இன்னும் கூடும்.

அமெரிக்காவில் விக்டோரியா மாக் என்கிற நர்ஸிங் பேராசிரியை 1997-ல் ஒரு சின்ன ஆராய்ச்சி செய்தார். மார்பக ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த 46 பெண்களில் ஒரு பகுதியினரை வீட்டருகே வாரத்துக்கு நாலைந்து நாள், 20 முதல் 30 நிமிஷம் தங்கள் வேகத்தில் நடக்கச் சொன்னார். நடந்தவர்களுக்கு அசதியும் கவலையும் குறைவு, தூக்கம் மேல். அதன்பின் எத்தனையோ பெரிய ஆராய்ச்சிகள் இதையே சொல்லிவிட்டன. நம் பக்கத்தில் பெங்களூரில் ரேடியேஷன் எடுத்துக்கொண்ட 88 பெண்களை வைத்து யோகாவைச் சோதித்து 2009-ல் எழுதியிருக்கிறார்கள். செய்தவர்களுக்கு மனத்தெம்பு கூடியிருந்தது.

அக்காவின் திட்டம் ரொம்ப எளிமை. முதல் வாரம் தம்பி வீட்டுத் தெருவில் காலை பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். இரண்டாவது வாரம் பதினைந்தாக்கினார். அசதி மிஞ்சிய நாளில் பாதியாகக் குறைத்துக்கொண்டார், ஆனால் அடியோடு விடவில்லை. எவ்வளவு வேகம்? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். இதைக் கேட்டதும் அக்கா, "அப்ப படிக்குப் படி திருப்புகழ் பாடிக்கிட்டு ஏறறவங்க?" என்றார். டிசம்பர் 31-ம் தேதி திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிப் பூஜை செய்து ஏறும் திருவிழாவைச் சொல்கிறார். அவர்கள் ஒவ்வொரு படியிலும் நின்றுதானே பாடுகிறார்கள் அக்கா!

சில நாட்களில் நடக்கவே கூடாது. காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தலைசுற்றல், படபடப்பு இருந்தால் முதலில் டாக்டர். ரத்தம் குறைவாக இருந்தாலும் அப்படியே. எலும்பில் பரவியிருப்பதாகச் சொல்லியிருந்தால் எந்தப் பயிற்சியும் அவரைக் கேட்காமல் செய்யக்கூடாது. கீமோவில் செலுத்தும் சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தைத் தளர்த்தக்கூடியது என்பதால், அக்காவுக்குப் படியேற அனுமதி கொடுக்கும் முன் எக்கோ எடுத்துப் பார்த்தார்கள்.

சந்தனமும் மஞ்சளும் வேண்டாம்

மூன்றாவது வாரம் அக்காவுக்கு மார்பில் தோல் சிவந்து, பிறகு வெயிலில் அலைந்த மாதிரி கறுத்தது. அரிப்பு. பெரும்பாலோருக்கு இவ்வளவுதான். மார்புக்கு அடியில் மடிப்பிலும் அக்குளிலும் சிலருக்குத் தோல் உரிந்து நீர் கசியும். அப்போது ஆஸ்பத்திரியில் காட்டி அவர்கள் தரும் மருந்தைப் போட வேண்டும். ரேடியேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரம் வரை இது கொஞ்சம் கூடுவது போலத்தான் இருக்கும், பிறகு ஆறும்.

நம் வீடுகளில் கை சும்மா இருக்காதே! மாமியார் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்தார். யாரோ சோற்றுக்கற்றாழை. இன்னொருவர் மலையிலிருந்து சந்தனப் பிரசாதம். திருத்தணிச் சந்தனத்துக்கு நோய் தீர்க்கும் என்று பேர் உண்டு, அந்த நம்பிக்கையில் எனக்குப் பேச்சில்லை. நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். கதிர் பட்ட தோலில் சந்தனம், மஞ்சள், விபூதி, தைலம், பவுடர் எதுவும் வேண்டாம். உலர்ந்தால் அந்தத் தோல் வெடிக்கும். ஐஸ் ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் இரண்டும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை குறைந்த சோப், ஒற்றி எடுக்க மெல்லிய துண்டு. தேங்காய் நார், பீர்க்கங்காய் நார் கிட்டேயே வரக்கூடாது. அக்குளில் பிளேடு வேண்டாம். உள்ளாடை இறுக்கிப் பிடித்தால் அதை விட்டுவிட்டு மெல்லிய பருத்தியில் தொளதொளப்பாக ஒரு ஜாக்கெட் தைத்துக்கொள்ளுங்கள். அக்கா பழைய மல் வேட்டியைக் கிழித்து நாலு தைத்துக்கொண்டார்.

எண்ணெய்க் குளியல்? தலையில் வைத்த எண்ணெய் மார்பில் வழிந்தால் பேனா அடையாளம் அழிந்துவிடும். அழிந்ததை நீங்களாக மறுபடி வரையக்கூடாது, போய்ச் சொன்னால் அவர்கள் வைத்துவிடுவார்கள். அக்காவுக்கு ரேடியேஷன் முடிந்த கொஞ்ச நாளில் தீபாவளி. அன்றைக்கும் உச்சந்தலையில் சொட்டு வைத்துக்கொண்டதோடு சரி, சீயக்காய் மார்பில் படவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை விரதத்தையும் அந்த வருஷம் டாக்டர் தடுத்துவிட்டார். ஆறுகிற தோலுக்கும் சதைக்கும் புரதம் வேண்டும். பருப்பு, தயிர், சுண்டல், சாப்பிடுகிறவர்களானால் முட்டை, மீன். தனிப் பத்தியம் எதுவும் கிடையாது. நாட்டு மருந்தோ சத்து மாத்திரையோ எடுத்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கை வீங்குமே, கனம் தூக்கலாமா?

அக்குள் நெறிகளை எடுத்தும் ரேடியேஷன் வைத்தும் இருந்தால் அந்தப் பக்கக் கையில் நிணநீர் வடிவது குறையும். சிலருக்குக் கை வீங்கும். உடனே வரலாம், சில வருஷம் கழித்தும் வரலாம். மோதிரம், வளையல் இறுகுவதுதான் முதல் அறிகுறி. அப்போதே காட்டினால் கட்டுப்படுத்துவது சுலபம். அரிவாள்மணை வெட்டு, அடுப்புச் சூடு, பூச்சிக்கடி எதையும் அந்தக் கையில் அலட்சியம் செய்யாதீர்கள். கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

ஆனால் 'ஆயுசுக்கும் கனம் தூக்காதே' என்ற பழைய உபதேசம் இப்போது மாறிவிட்டது. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சி 2009-ல் வந்தது. பயிற்சியாளர் மேற்பார்வையில் மெள்ள மெள்ள எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் தூக்காதவர்களுக்கு 100-க்கு 29 பேர் என்றால், தூக்கியவர்களில் 14 பேர்தான். அதற்கு முன்பே 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்ஸி என்கிற டாக்டர், மார்பகப் புற்றுநோய் வந்த 24 பெண்களைத் திரட்டி டிராகன் படகு வலிக்க வைத்தார். படகு வலிப்பது முழுக்கத் தோள் வேலை. எல்லோரும் பயந்த வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் அப்படிப்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

நமக்குப் படகு வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு கைக்கு எட்டுப் பத்து தடவை, வாரம் இரண்டு நாள். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கையில் கனமோ வீக்கமோ இல்லையென்றால் ஒரு லிட்டர். எடுத்த எடுப்பில் தண்ணீர்க் குடத்தை அந்தப் பக்க இடுப்பில் வைக்காதீர்கள். ஏற்கெனவே வீக்கம் உள்ளவர்கள் பிஸியோதெரபிஸ்டைக் கேட்டு, அவர் சொன்னால் அழுத்தக் கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

படிகள்

ரேடியேஷன் புரட்டாசி கடைசியில் முடிந்தது. ஐப்பசியில் ஒரு சாதாரணப் புதன்கிழமை, கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்து அக்கா சரவணப் பொய்கைப் பக்கம் போனார். கூட அத்திம்பேரும் நானும். 30 படி ஏறி உட்கார்ந்தார். மூச்சு சீரானதும் இறங்கிவிட்டார். அழுகைதான் வந்தது, "முப்பதுக்கே இப்படியா?" என்று. அடுத்த வாரம் 45. பிறகு 70. ஒரு வாரம் வறட்டு இருமல் வந்து நிறுத்திக்கொண்டார். ரேடியேஷன் முடிந்த சில வாரம், சில மாதத்தில் நுரையீரலின் ஓரத்தில் அழற்சி வரலாம், அரிதுதான் என்றாலும் இருமலும் மூச்சு வாங்கலும் இருந்தால் காட்டிவிட வேண்டும். காட்டினோம். அக்காவுக்கு அது வெறும் ஜலதோஷம்.

ஹார்மோன் மாத்திரை ஆரம்பித்ததும் காலையில் மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. அந்த மாத்திரையில் சிலருக்கு மூட்டுவலி வரும், எலும்பும் மெலியும். அதற்காக மாத்திரையை நிறுத்தக்கூடாது. டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "நடையை விடாதீங்க, இறங்கும்போது மட்டும் வண்டியில வாங்க" என்றார். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம்.

ஏறுவதற்கு அவர் கடைப்பிடித்த முறை இது. பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நாலு மூச்சு. இடது கையில் பை கிடையாது. காலை ஏழுக்குள் ஏறிவிட வேண்டும், கதிர் பட்ட தோலில் வெயில் படக்கூடாது என்பதால் மேலே ஒரு மேல்துண்டு. சின்ன பாட்டிலில் தண்ணீர். பெரிய திருவிழா நாட்களில் மலைப்பக்கமே போகவில்லை.

தை மாதம், ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் முடிந்த வாரத்தில், 365-ம் ஏறினார். எவ்வளவு நேரம் ஆனது என்று அத்திம்பேர் வாட்சைப் பார்த்தார். முன்பு இருபது நிமிஷத்தில் ஏறுகிறவருக்கு அன்று ஒரு மணி பத்து நிமிஷம். மேலே போனதும் மாமியாருக்குப் போன் போட்டு, "அத்தம்மா, வச்சேசானு" என்றார். வந்துவிட்டேன் என்று அர்த்தம். கிழவி பதிலுக்கு என்ன சொன்னாரோ தெரியாது, அக்கா சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் செக்கப், வருஷத்துக்கு ஒருதரம் மேமோகிராம்னு சொல்லியிருக்காங்க. அடுத்தது மாசியில. ஞாபகப்படுத்துடி" என்றார்.